ஜூரிக்கா, சனத்துக்கா: சுவிஸ் எந்த மாதிரிப் பாட்டை அனுப்பலாம்?

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்புகிற போட்டி. 2025 மே மாதம் சுவிஸின் பாசல் நகரில் நடந்த அதன் இறுதிப் போட்டியில் சுவிஸ் பாடகி ஸோயி மே பாடிய 'வொயாஜ்' பாட்டுக்கு ஜூரிகள், அதாவது ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுக்கள், அள்ளிக் கொடுத்தார்கள். 214 புள்ளி, ஜூரி வரிசையில் இரண்டாம் இடம். அதற்குப் பிறகு பொதுசன வாக்கை அறிவித்தார்கள்: பூச்சியம். சொந்த மண், சொந்த மண்டபம், ஆயிரக்கணக்கான ஆட்கள் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு நாட்டுச் சனம்கூட அந்தப் பாட்டைத் தன் முதல் பத்துக்குள் வைக்கவில்லை. மொத்தத்தில் பத்தாம் இடம். அன்று விடியப்புறம் திருகோணமலையில் எங்கள் ஆட்களுக்குள் தொடங்கின சண்டை இன்னும் முடியவில்லை. ஒருத்தர் ஜூரியைப் பிடிக்க வேண்டும் என்கிறார், ஒருத்தர் சனத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறார், ஒருத்தருக்கு தமிழ்ப் பாட்டே போக வேண்டும். சரி, ஒவ்வொன்றையும் கணக்கோடு பார்த்துவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு எதற்கப்பா ஐரோப்பாப் பாட்டுப் போட்டி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் சுவிஸிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் பார்க்கிறதை நாங்களும் பார்க்கத் தொடங்கினோம், அவ்வளவுதான். இங்கே நேரம் இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும், முடியும்போது நாலு மணி தாண்டிவிடும், திருக்கடலூர்ப் பக்கம் வள்ளக்காரர்கள் எழும்பி வேலை பார்க்கிற நேரம். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்த நாட்டவரும் தங்கள் நாட்டுப் பாட்டுக்கு வாக்குப் போட முடியாது. பேர்ணில் இருக்கிற சின்னம்மா சுவிஸுக்குப் போட முடியாது. நாங்கள் போடலாம். 2023இலிருந்து பங்கேற்காத நாட்டுக்காரர்களும் வங்கி அட்டையால் இணையத்தில் வாக்குப் போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்கா, பிரேசில், இலங்கை எல்லாம் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் புள்ளியாகத்தான் எண்ணுவார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் சின்னம்மாவுக்கு இல்லாத உரிமை எங்களுக்கு இருக்கிறது, அதைச் சொல்லிக் காட்டாமல் நாங்கள் விட்டதில்லை.

முதலில் அந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்று விளங்கிக்கொள்ள வேண்டும், இது விளங்காமல் கதைக்கிற கதை எல்லாம் வீண். ஒவ்வொரு நாடும் இரண்டு தரம் புள்ளி கொடுக்கும், ஜூரியினுடையது ஒரு தொகுதி, சனத்தினுடையது இன்னொன்று. இரண்டிலும் 12, 10, பிறகு 8இலிருந்து 1 வரை. பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி, பதினோராம் இடத்துக்கு ஒன்றும் இல்லை. இது இரண்டுக்கும் பொது. வித்தியாசம் எங்கே என்றால், ஜூரியில் இருப்பவர் இசைத்துறை ஆள், அவர் எல்லாப் பாட்டையும் ஒன்றிலிருந்து கடைசி வரைக்கும் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். ஆறாவதாக எதை வைப்பது, ஒன்பதாவதாக எதை வைப்பது என்று யோசிப்பார். நல்ல குரல், சுத்தமான இசையமைப்பு, பிழையில்லாத நிகழ்ச்சி என்றால் ஆறாம் இடம் நிச்சயம், 5 புள்ளி. இப்படி ஊர் ஊராக ஆறாம் இடம் வந்தாலே 180 சேர்ந்துவிடும். வீட்டில் சோபாவில் இருக்கிறவர் வரிசையா எழுதுகிறார்? பிடித்த ஒன்றுக்கு, மிஞ்சினால் இரண்டுக்குப் போடுவார். 2025 வரைக்கும் ஒருவர் 20 வாக்குப் போடலாம், இருபதையும் ஒரே பாட்டுக்கே குத்தலாம். ஆறாவதாகப் பிடித்த பாட்டுக்கு யாரும் காசு கட்டி வாக்குப் போடுவதில்லை. 'வொயாஜ்' எங்கள் கலியாண வீட்டுப் பருப்புக்கறி மாதிரி, யாரும் குறை சொல்லவில்லை, அதுக்கென்று யாரும் எழும்பிப் போகவும் இல்லை.

இது சுவிஸுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பிரித்தானியாவுக்கு 2024இல் ஒலி அலெக்சாண்டர் 46 புள்ளி, 2025இல் ரிமெம்பர் மண்டே என்ற மூன்று பெண்கள் 88 புள்ளி, இரண்டு தரமும் சனத்திடமிருந்து பூச்சியம். 2021இல் ஜேம்ஸ் நியூமனுக்கு ஜூரியும் பூச்சியம், சனமும் பூச்சியம், அப்படி ஒரு இரவு. லண்டன் மாமா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், ஐரோப்பாக்காரருக்கு எங்களைப் பிடிக்காது, அரசியல் என்று ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார். அப்படியென்றால் 2022இல் சாம் ரைடருக்கு 466 புள்ளியும் இரண்டாம் இடமும் எப்படி வந்தது? ஜூரியில் அவர்தான் முதலிடம். உக்ரைனுக்குச் சனம் 439 புள்ளி கொட்டின வருடம் அது, இல்லையென்றால் கிண்ணமே லண்டனுக்குப் போயிருக்கும். பாட்டு நன்றாக இருந்தால் அரசியல் கொஞ்சம் விலகி நிற்கும். மாமாவிடம் இதைச் சொன்னால் வலையமைப்பு சரியில்லை என்று போனை வைத்துவிடுவார்.

இனி வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, ஜூரி வழியிலேயே போவது. இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2023இல் சுவீடனின் லொரீன், 2024இல் சுவிஸின் நேமோ, 2025இல் ஒஸ்திரியாவின் ஜேஜே, மூன்று பேரும் ஜூரியில் முதலிடம், மூன்று பேருமே கிண்ணம் தூக்கினவர்கள். அந்த மூன்று வருடமும் சனத்திடம் முதலிடம் வந்தவர்கள் கிண்ணம் இல்லாமல்தான் வீட்டுக்குப் போனார்கள். சுவிஸுக்கும் இந்தப் பாதை பழக்கமானது. 2021இல் ஜோன்ஸ் டியர்ஸ் ஜூரியில் முதலிடம், 432 புள்ளியோடு மொத்தத்தில் மூன்றாம் இடம். ஆனால் அவருக்குச் சனமும் 165 கொடுத்தது. அதே பாதையில் 2022இல் போன மாரியஸ் பேருக்கு 78 புள்ளி, எல்லாம் ஜூரி, சனத்திடமிருந்து பூச்சியம், பதினேழாம் இடம். ஆக நாலு வருடத்துக்குள் சுவிஸ் இரண்டு தரம் சனத்திடம் பூச்சியம் வாங்கியிருக்கிறது. இரண்டுமே மெதுவான பாட்டு, இரண்டிலும் பாடுகிறவர் தனியாக நிற்கிறார், கூட ஆட யாரும் இல்லை. தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன்.

ஜூரி வழிக்காரர்கள் மறந்துவிடுகிற இன்னொரு விஷயம், 'வொயாஜ்' அரையிறுதியில் போட்டியிடவே இல்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரே இறுதிக்குப் போனது. 2023இலிருந்து 2025 வரை அரையிறுதிக்கு ஜூரி கிடையாது, முழுக்கச் சனத்தின் வாக்குத்தான். இறுதியில் ஒரு நாட்டிலும் முதல் பத்துக்குள் வராத பாட்டு, வேறு வருடத்தில் என்றால் அரையிறுதியிலேயே நின்றிருக்கக் கூடும். 2026க்கு விதியை மாற்றிவிட்டார்கள், அரையிறுதிக்கு ஜூரி திரும்பி வருகிறது, ஒருவர் போடக்கூடிய வாக்கும் 20இலிருந்து 10 ஆகிறது, ஜூரியில் ஐந்து பேருக்குப் பதில் ஏழு பேர், அதில் இரண்டு பேராவது 18இலிருந்து 25 வயதுக்குள். இது ஜூரிப் பாட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். பூச்சியத்தை மாற்றாது.

இரண்டாவது வழி சனத்தைப் பிடிப்பது, அதாவது ஆடுகிற பாட்டு, சிரிக்கிற பாட்டு, ஒரு தரம் கேட்டால் விடியும் வரை வாயில் இருக்கிற பாட்டு. எங்களில் இளசுகள் எல்லாம் இந்தப் பக்கம். 2023இல் பின்லாந்தின் காரியா பச்சைக் கைகளோடு வந்து ஆடின ஆட்டத்துக்குச் சனம் 376 புள்ளி கொடுத்தது, 2024இல் குரோஷியாவின் பேபி லசான்யாவுக்கு 337, 2025இல் எஸ்தோனியாவின் தொமி காஷ் கோப்பியைப் பற்றி ஒரு பகிடிப் பாட்டுப் பாடி 258 புள்ளியோடு சனத்திடம் இரண்டாம் இடம், மொத்தத்தில் மூன்றாம் இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோர்வேயைப் பாருங்கள், ஒஸ்லோ மச்சாள் இதைச் சொல்லிச் சொல்லியே அழுவா: 2019இல் கீனோ குழு சனத்திடம் முதலிடம், ஜூரி கைவிட்டதால் மொத்தத்தில் ஆறாம் இடம். அதைவிடப் பெரிய பிரச்சினை, பகிடி செய்ய வராதவன் பகிடி செய்தால் வருகிற சங்கடம். தொமி காஷ் பல வருடமாக அந்த மாதிரியே வாழ்கிற கலைஞர், அவருக்கு அது வேஷம் இல்லை. சுவிஸ் தொலைக்காட்சி ஒரு குழுவை வைத்து, கூட்டம் போட்டு, ஆளை எடுத்துப் பகிடிப் பாட்டுச் செய்தால் அதில் கூட்டத்தின் வாசம்தான் அடிக்கும். இந்த வழியை நான் இதோடு விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது வழிதான் எனக்கு உண்மையில் சுவாரசியமானது: சொந்த மொழியில், அதுவும் ஊர்ப் பேச்சில் பாடுவது. ஆங்கிலம்தான் வெல்லும் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1999இல் மொழிக் கட்டுப்பாட்டை எடுத்தபிறகு கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தது, மறுக்கவில்லை. பிறகு 2017இல் போர்த்துக்கல் போர்த்துக்கேய மொழியில் பாடி 758 புள்ளி எடுத்தது, இன்றுவரை அதுதான் சாதனை. 2021இல் முதல் மூன்று இடமும் ஆங்கிலம் இல்லை, இத்தாலியன் ஒன்று, பிரெஞ்சு இரண்டு. 2025இல் சுவீடனைப் பாருங்கள். அங்கே பாட்டுத் தெரிவு கிட்டத்தட்ட இன்னொரு தேர்தல் மாதிரி வாரக் கணக்கில் போகும், 2015இல் கிண்ணம் வென்ற மோன்ஸ் செல்மர்லோவே திரும்பிப் போட்டியிட்டார், அவரைத் தள்ளிவிட்டு வென்றது யார் என்றால் பின்லாந்தில் சுவீடிஷ் பேசுகிற ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த மூன்று பேர், காய் என்று குழுவுக்குப் பெயர். தங்கள் ஊர்ப் பேச்சில், சோனா எனப்படும் சூட்டறைக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். 1998க்குப் பிறகு சுவீடனிலிருந்து சுவீடிஷில் போன முதல் பாட்டு. நாலாம் இடம், 321 புள்ளி.

சுவிஸுக்கு இதற்குக் கையில் சரக்கு இருக்கிறது. நாலு தேசிய மொழி. பீட்டர், சூ, மார்க் என்ற குழு நாலு தரம் யூரோவிஷனுக்குப் போனது, 1971இல் பிரெஞ்சு, 76இல் ஆங்கிலம், 79இல் ஜேர்மன், 81இல் இத்தாலியன், ஒவ்வொரு தரமும் வேறு மொழி. 1989இல் லொசான் நகரில் ஃபுர்பாஸ் என்ற குழு ரோமான்ஷ் மொழியில் பாடியது, பதின்மூன்றாம் இடம். ரோமான்ஷ் மலைப்பக்கத்தில் சில பத்தாயிரம் பேர் மட்டும் பேசுகிற மொழி. அதைக் கொண்டுபோய் மேடையில் வைத்த நாடு, ஜேர்மன் பகுதியில் தெருவில் எல்லோரும் பேசுகிற சுவிஸ் ஜேர்மன் பேச்சை வைக்க ஏன் தயங்க வேண்டும்? சின்னம்மாவின் மகன் வீட்டில் எங்களோடு தமிழில் கதைப்பான், தன் சிநேகிதர்களோடு அந்தச் சுவிஸ் ஜேர்மனில்தான். நேமோவும் யூரோவிஷனுக்கு முன்பு அதில்தான் ராப் பாடிப் பெயர் எடுத்தவர், 2024இல் மட்டும் ஆங்கிலம்.

ஆனால் சொந்த மொழி என்றதும் புள்ளி கொட்டும் என்று எண்ணக் கூடாது. 2024இல் நோர்வேயின் கோத்தே குழு நாட்டார் இசையோடு நோர்வே மொழியில் பாடி இறுதிப் போட்டியில் கடைசி இடம் வந்தது. எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும், கடைசிக்குரிய பாட்டே இல்லை, ஆனால் கணக்கு கணக்குத்தான். அப்புறம், 'வொயாஜ்' பாட்டே முழுக்கப் பிரெஞ்சில்தான் இருந்தது. மொழி ஒன்றும் அதைக் காப்பாற்றவில்லை. காய் குழுவுக்கு வாக்கு விழுந்தது மொழிக்காக என்று நான் நினைக்கவில்லை. சோனாவைப் பற்றித் தங்கள் ஊர்க்காரனோடு கதைக்கிற மாதிரியே மேடையில் கதைத்தார்கள், மொழி விளங்காத எங்களுக்கும் அது விளங்கிற்று. எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் சோனா என்றால் என்னவென்றே தெரியாது, இந்த ஊர் வெக்கைக்கு அதுக்குள் போய் இருக்கிறவன் பைத்தியக்காரன் என்று அம்மாவே சொன்னா, ஆனால் அடுத்த நாள் அந்த மெட்டை முணுமுணுத்ததும் அம்மாதான்.

நாலாவது வழி, கனவு வழி. சுவிஸ் சார்பில் பிரியா ராகு. சென் காலனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண், ஆங்கிலப் பாட்டுக்குள் தமிழ் வரியைக் கொண்டுவந்து உலக மேடைக்குப் போனவர், 2023இல் 'சந்தோஷம்' என்ற பெயரிலேயே தொகுப்பு வெளியிட்டவர். எங்கள் குழுவில் இதைப் பற்றிக் கதை வந்தால் அன்றைக்கு நித்திரை இல்லை. அவருக்கு அந்த விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களே மேடையும் உடுப்பும் முடிவு செய்துவிட்டோம். தவில்காரர் இரண்டு பேர் வேண்டும் என்று ஒருத்தர் நிற்கிறார். அவருக்குச் சொன்னேன், யூரோவிஷனில் 1998க்குப் பிறகு ஓர்கெஸ்ட்ரா கிடையாது, வாத்தியம் எல்லாம் ஒலிப்பதிவு, முதன்மைக் குரல் மட்டும்தான் நேரடி. மேடையில் ஆறு பேருக்கு மேல் ஏறவும் முடியாது. தவில்காரர் வந்தாலும் அடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வழியை வெறும் ஆசை என்று தள்ளிவிடுவதும் நியாயம் இல்லை, ஏனென்றால் புலம்பெயர்ந்தவர்களின் வாக்கு யூரோவிஷனில் பெரிய விஷயம். 2016இல் போலந்தின் மீஹாவ் ஷ்பாக்குக்கு ஜூரிகள் மொத்தமாகக் கொடுத்தது 7 புள்ளி, இருபத்தைந்தாம் இடத்தில் கிடந்தார். சனத்தின் வாக்கு வந்ததும் 222, ஒரே பாய்ச்சலில் எட்டாம் இடம். ஐரோப்பா முழுக்கப் போலந்துக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் தொலைபேசியைக் கையில் எடுத்தார்கள் என்றுதான் பலரும் அதற்குக் காரணம் சொன்னார்கள். எங்கள் சனமும் லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ஜேர்மனி, டென்மார்க் என்று பரந்து கிடக்கிறது. சரி, ஆனால் ஒரு நாட்டில் முதல் பத்துக்குள் வர அங்கே எத்தனை ஆயிரம் வாக்கு வேண்டும், எங்கள் சனத்தில் எத்தனை பேர் சனிக்கிழமை இரவு யூரோவிஷன் பார்க்கிறார்கள்? கலியாணம், பிறந்தநாள், கோவில் திருவிழா, சனிக்கிழமை இரவில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? இளசுகள் பார்க்கும், பெரியவர்கள் அடுத்த நாள் வட்சப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு எனக்கும் அனுப்புவார்கள். போலந்துக் கணக்கை எங்களுக்கு அப்படியே போட முடியாது. ஒருவேளை பிரியா ராகு போனால் அது தமிழ் வாக்கால் வெல்லாது, பாட்டு நன்றாக இருந்தால் வெல்லும். அவரிடம் அந்த மாதிரிப் பாட்டு வரும் என்று நான் நம்புகிறேன், அது வேறு.

ஆளை எப்படித் தெரிவு செய்வது என்பதிலும் ஒரு சண்டை. சுவிஸ் 2011இலிருந்து 2018 வரை தொலைக்காட்சியில் போட்டி வைத்து மக்களையும் வாக்குப் போட வைத்தது. 2015, 16, 17, 18, நாலு வருடமும் அரையிறுதியிலேயே வெளியே. 2019இலிருந்து மறைவாகத் தெரிவு செய்கிறார்கள், பொதுமக்களில் 100 பேர் கொண்ட ஒரு குழு, இசைத்துறையினர் இருபது சொச்சம் பேர் கொண்ட பன்னாட்டு ஜூரி ஒன்று. அதன்பிறகு லூக்கா ஹானி நாலாம் இடம், ஜோன்ஸ் டியர்ஸ் மூன்றாம் இடம், நடுவில் 17, 20 என்று இரண்டு சறுக்கல், பிறகு நேமோ முதலிடம். 1956இல் லுகானோவில் நடந்த முதலாவது போட்டியை வென்றது சுவிஸ், 1988இல் செலின் டியோன் சுவிஸுக்காக வென்றார், அதற்குப் பிறகு 36 வருடம் கழித்து நேமோவால் வந்த கிண்ணம். எனவே சுவீடன் மாதிரி பெரிய போட்டி வைக்க வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, சுவீடனில் அது அறுபது வருடத்துக்கு மேலான பழக்கம், நினைத்தவுடன் நட்டுவைக்கிற மரம் இல்லை. குழு இருக்கட்டும். ஆனால் அந்த நூறு பேர் சொல்வதைச் சராசரியாகப் பார்த்தால் பருப்புக்கறிதான் திரும்ப வரும். நூறில் பதினைந்து பேர் இதுதான் என்று அடம்பிடிக்கிற பாட்டு, மிச்சப் பேர் முகம் சுளித்தாலும், நூறு பேரும் பரவாயில்லை என்கிற பாட்டைவிட மேல்.

அரசியல் பக்கத்தை நான் நீட்டவில்லை, ஆனால் சொல்லாமலும் விட முடியாது. இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, சுலோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் 2026க்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டன, நேமோ தன் கிண்ணத்தையே திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். எங்களிலும் ஒருத்தர் இந்த முறை பார்க்கவே போவதில்லை என்று விலகியிருக்கிறார். அவரை யாரும் மறிக்கவில்லை.

என் முடிவைக் கேட்டால், ஜூரி வழி, சன வழி என்று பிரித்துப் பார்க்கிறதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. நேமோவின் 'த கோட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்ந்து பார்க்கிற ஜூரிக்கு ஓபராக் குரல், ராப், மூச்சு விடாத தாளம் எல்லாம் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வருகிறது, 365 புள்ளி. வீட்டில் பாதி நித்திரையில் இருக்கிறவருக்கு, சாய்ந்து சுழலுகிற ஒரு வட்டத் தட்டின் மேல் ஒரு ஆள் விழாமல் நின்று பாடுகிறார், 226 புள்ளி. ஜேஜே 2025இல் அதையே வேறு மாதிரிச் செய்தார். வியன்னா ஓபராவில் பாடின ஆள், பெண்குரல் உச்சியில் மெதுவாகத் தொடங்குகிறார், இரண்டு நிமிடம் தாண்டியும் இது ஜூரிக்கான பாட்டுத்தான் என்று நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, கடைசி அரை நிமிடத்தில் பாட்டு டெக்னோ நடனத் தாளமாக வெடிக்கிறது. எங்கள் அறையில் படுத்திருந்த இரண்டு பேர் எழும்பி இருந்தார்கள். ஜூரி 258, சனம் 178. சனத்தில் முதலிடம் வரத் தேவையில்லை, எழும்பி இருக்க வைத்தால் போதும். 'வொயாஜ்' மூன்று நிமிடமும் ஒரே அழகு, ஆனால் எந்த இடத்திலும் திரும்பவில்லை. அதுக்கு ஜேஜேயின் 178 கிடைத்திருந்தால் மொத்தம் 392, இஸ்ரேலின் 357ஐத் தாண்டி இரண்டாம் இடம். வெறும் 100 கிடைத்திருந்தாலும் 314, ஐந்தாம் இடம்.

ஆகவே சுவிஸ் தொலைக்காட்சிக்காரர் என்னைக் கேட்டால் (கேட்கப் போவதில்லை), பாடத் தெரிந்த ஆளை விடாதீர்கள், மொழி சுவிஸ் ஜேர்மனாகவோ பிரெஞ்சாகவோ இருக்கட்டும், ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஒரு இடத்தில் பாட்டு திரும்ப வேண்டும், அந்தத் திருப்பம் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஓபரா மட்டும் வேண்டாம், இரண்டு வருடம் தொடர்ந்து வென்றுவிட்டது, இனி அதைக் கேட்டு யாரும் எழும்ப மாட்டார்கள். பிரியா ராகு இந்த மாதிரி ஒரு பாட்டோடு வந்தால் முதல் ஆளாக நிற்பேன், வராவிட்டால் ஆளுக்காகப் பாட்டை இழக்கச் சொல்ல மாட்டேன்.

2026 போட்டி மே மாதம் வியன்னாவில். இதை எழுதும்போது சுவிஸ் பாட்டு வெளிவந்திருக்கவில்லை. மெதுவான பாட்டு, தனி ஆள், இருட்டு மேடை என்று திரும்பவும் வந்தால் என் பத்து வாக்கும் வேறு நாட்டுக்குத்தான் என்று பேர்ணுக்குச் சொல்லியாகிவிட்டது. சின்னம்மா அதுக்குப் பதில் அனுப்பவில்லை. அவருடைய மகன் மட்டும், அப்படியென்றால் நீங்கள் வைத்திருக்கிற வங்கி அட்டை யார் காசில் ஓடுகிறது என்று கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறான்.